போதுமான காப்பீடு எவ்வளவு? தீர்ப்பாயம் போடும் கணக்கும் வீடு போடாத கணக்கும்

சாலை விபத்தில் சம்பாதிப்பவரை இழந்த குடும்பம் இழப்பீடு கேட்டுப் போகுமிடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். வண்டி யாருடையது, தவறு யார்மீது என்ற விசாரணை முடிந்ததும் அங்கே இன்னொரு கேள்வி எழும். இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் குடும்பத்துக்கு என்ன கொண்டுவந்து சேர்த்திருப்பார்? அவருடைய வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் எண்ணிக்கை ஆகிய மூன்றும் தெரிந்தால் நீதிபதி ஒரு தொகைக்கு வந்துவிடுவார். அந்த மூன்று விவரமும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆனால் அவர் இருந்தபோது அந்த வீட்டில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் வீடுகளில் பாலிசி எடுக்கும் முறை வேறு. தெரிந்த ஏஜென்ட் வருகிறார். "வருஷத்துக்கு எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்று கேட்கிறார். ஒரு தொகையைச் சொல்கிறோம். இருபது வருடம் கழித்து எவ்வளவு கைக்கு வரும் என்று அவர் எழுதிக் காட்டுகிறார். நடுவில் உயிர் போனால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்ற வரி கடைசியில் வருகிறது. அதைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்பதுபோல இரு தரப்பும் வேகமாகக் கடந்துவிடுகின்றன. கட்டக்கூடிய தவணையிலிருந்து தொடங்கி காப்பீட்டுத் தொகைக்கு வரும் இந்த வரிசைதான் கோளாறு. இழப்பிலிருந்து தொடங்கித் தவணைக்கு வர வேண்டும். அதற்கான வழிமுறையை நாமே கண்டுபிடிக்கத் தேவையில்லை. உச்ச நீதிமன்றம் முப்பது ஆண்டுகளாக அதைச் செதுக்கிவைத்திருக்கிறது.

மூன்று தீர்ப்புகள், ஒரு கணக்கு

மனித உயிரைப் பொருளாதார மதிப்பாகக் கணக்கிடும் எண்ணத்தை 1920-களில் விரிவாக எழுதியவர் அமெரிக்காவின் வார்ட்டன் கல்லூரிப் பேராசிரியர் சாலமன் ஹ்யூப்னர். ஒருவர் ஈட்டப்போகும் வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவு போக மீதியை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், அதுவே குடும்பத்துக்கு அவர் உயிரின் மதிப்பு என்பது அவர் வாதம். இந்திய நீதிமன்றங்கள் வேறு பாதையில் வந்தாலும் ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. வழக்கறிஞர்கள் 'மல்டிபிளையர்' என்று சொல்லும் பெருக்கெண் முறையை 1994-இல் சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தீர்ப்பாயத்துக்குத் தீர்ப்பாயம் தொகை மாறிக்கொண்டிருந்த குழப்பத்தை 2009-இல் சரளா வர்மா வழக்கு தீர்த்தது. 26 முதல் 30 வயதுக்குப் பெருக்கெண் 17, 31 முதல் 35-க்கு 16, 36 முதல் 40-க்கு 15, 46 முதல் 50-க்கு 13, 56 முதல் 60-க்கு 9 என்று ஓர் அட்டவணையே தந்தது. இறந்தவரின் சொந்தச் செலவாக எவ்வளவு கழிப்பது என்பதையும் அது சொன்னது: நம்பியிருப்போர் இரண்டு அல்லது மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒரு பங்கு. 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு, எதிர்கால வருமான உயர்வையும் சேர்க்கச் சொன்னது. சுயதொழில் செய்பவர் நாற்பது வயதுக்குக் குறைந்தவர் என்றால் 40 சதவீதம். நிரந்தர வேலையில் இருப்பவர் என்றால் 50 சதவீதம்.

இதை ஒரு குடும்பத்தில் பொருத்திப் பார்க்கலாம். கோவை கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கும் 35 வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பட்டறைச் செலவு போக மாதம் 40,000 ரூபாய் நிற்கிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நான்கு பேர் அவரை நம்பியிருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 4,80,000. எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தால் 6,72,000. அவர் சொந்தச் செலவு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 5,04,000. பெருக்கெண் 16. விடை 80,64,000 ரூபாய்.

எண்பது லட்சம் என்றதும் பலருக்கு மிகையாகத் தோன்றும். ஆகவே இந்தத் தொகை எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்துவிடுவது நல்லது. இப்போது அந்த வீட்டில் அவர் தவிர்த்த மற்றவர்களின் வாழ்க்கை மாதம் 30,000 ரூபாயில், அதாவது ஆண்டுக்கு 3,60,000 ரூபாயில் நடக்கிறது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது, பாதுகாப்பான முதலீட்டில் 6.5 சதவீதம் கிடைக்கிறது என்று கொண்டால், 80 லட்சம் சுமார் 26 ஆண்டுகள் வரும். அவர் இருந்திருந்தால் அறுபதைத் தாண்டியிருப்பார். நீதிமன்றத்தின் பெருக்கெண் ஏதோ ஒரு எண் அல்ல, உழைக்கும் காலம் முழுவதையும் ஈடுகட்டும் அளவு என்பது இதில் தெரிகிறது.

'ஆண்டு வருமானத்தைப் போல் பத்து மடங்கு' என்று பரவலாகச் சொல்லப்படும் விதியையும் இதே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். பத்து மடங்கு என்பது 48 லட்சம். அதே வட்டி, அதே விலைவாசியில் அது பதினைந்து ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும். கடைக்குட்டிக்கு இப்போது நான்கு வயது என்றால், கல்லூரியில் படிக்கும் நேரத்தில் வீட்டில் பணம் இருக்காது. நாற்பத்தைந்து வயதுக்காரருக்குப் பத்து மடங்கு ஓரளவு போதலாம். முப்பதுகளில் இருப்பவருக்குப் போதாது.

வீட்டுக் கடனைத் தனியாகக் கூட்ட வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி வரும். மாதத் தவணை அந்த 30,000-க்குள்ளிருந்தே போகிறது என்றால், கடனை மறுபடி கூட்டுவது ஒரே செலவை இரண்டு முறை எண்ணுவதாகும். கைமாற்று, தொழிலுக்கு வாங்கிய வட்டிக்கடன், கந்துவட்டிக்காரரிடம் வாங்கியது ஆகியவற்றைக் கட்டாயம் கூட்ட வேண்டும். இவற்றின் வட்டி எந்த வைப்பு நிதியும் தரும் வட்டியைவிட அதிகம். கேட்டு வருபவர்கள் பதினாறாம் நாள் வரைகூடப் பொறுக்க மாட்டார்கள். கழிக்க வேண்டியவை, கையிலுள்ள சேமிப்பும் ஏற்கெனவே உள்ள காப்பீடும். பட்டறை இயந்திரங்களைச் சொத்தாகக் கணக்கில் வைக்காமல் இருப்பது நல்லது. முதலாளி இல்லாத பட்டறையின் லேத்தை நியாயமான விலைக்கு வாங்க யாரும் வருவதில்லை.

கையில் இருப்பது என்ன?

பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து கழிகிறது. இறந்தால் இரண்டு லட்சம் கிடைக்கும். ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. அதை யாரும் விடக்கூடாது. ஆனால் நம் கணபதி குடும்பத்தின் செலவுக்கு அது ஏழு மாதம்கூட வராது. வருங்கால வைப்பு நிதி பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு, அதனோடு இணைந்த இ.டி.எல்.ஐ. என்ற காப்பீட்டில் ஏழு லட்சம் வரை கிடைக்கும். தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை, நிறுவனமே கட்டுகிறது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் விட்டுவிட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

பெரும்பாலோர் 'இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று சொல்வது சேமிப்பு கலந்த எண்டோமென்ட் அல்லது மணி பேக் பாலிசியைத்தான். ஆண்டுக்கு 50,000 ரூபாய் கட்டும் ஒருவருக்கு அதில் கிடைக்கும் காப்பீடு வழக்கமாக ஐந்து லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடையில் நிற்கும். பத்து லட்சம் என்றே வைத்தாலும் அது மூன்று ஆண்டுச் செலவுக்குக் காணாது. சேமிப்பு என்ற வகையிலும் அது பலவீனமானது. இருபது ஆண்டு கட்டி முடிவில் பதினேழரை லட்சம் அளவில் வந்தால், கிடைத்த வட்டி ஆண்டுக்கு சுமார் 5 சதவீதம். அதே 50,000 ரூபாயை ஆண்டுதோறும் பி.பி.எஃப். கணக்கில், 2020 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள 7.1 சதவீத வட்டியில் போட்டால் சுமார் 22 லட்சம் வரும்.

சேமிப்பு கலக்காமல் காப்பை மட்டும் தரும் டெர்ம் பாலிசியில் முதிர்வுத் தொகை கிடையாது. காலம் முடியும்வரை உயிரோடு இருந்தால் கட்டிய பணம் திரும்பாது. 'போன பணம்' என்று மக்கள் தயங்குவது இதனால்தான். ஆனால் அதன் தவணை ஏன் குறைவு என்பது புரிந்தால் தயக்கம் போய்விடும். இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் இறப்பு விகித அட்டவணைப்படி, 35 வயதில் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் ஆயிரத்தில் ஒருவருக்குச் சற்று மேல். ஆயிரம் பேர் சேர்ந்து அந்த ஒருவர் வீட்டுக்கு 80 லட்சம் கொடுக்க வேண்டுமென்றால், தலைக்கு எட்டாயிரம், பத்தாயிரம் போட்டால் அந்த ஆண்டு கணக்கு சரியாகிவிடும். வயது ஏற ஏற இது கூடும். நிறுவனம் தன் செலவையும் லாபத்தையும் சேர்த்து, எல்லா ஆண்டுக்கும் ஒரே தவணையாகப் பரப்பி வாங்குகிறது. தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டதும் ஒரு வசதி.

சேமிப்பையும் காப்பையும் கலந்த பழைய முறையை முற்றாகப் பழிப்பது சரியல்ல. மெட்ராஸ் ஈக்விடபிள் நிறுவனம் 1829-இல் சென்னை மாகாணத்தில் ஆயுள் காப்பீட்டைத் தொடங்கியது. அதற்குப் பிறகான நூற்றுச்சொச்சம் ஆண்டுகளில் நாடெங்கும் பல நிறுவனங்கள் தோன்றின, பல திவாலாகி மக்கள் பணத்தை விழுங்கின. 1956-இல் 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. உருவாக்கப்பட்டது அந்த அனுபவத்தின் பின்னணியில்தான். வங்கிக் கிளையே இல்லாத ஊருக்குள் சைக்கிளில் போன எல்.ஐ.சி. ஏஜென்ட், அந்த ஊருக்குச் சேமிப்பைக் கற்றுக்கொடுத்தார். அன்று அது பொருத்தம். இன்று தபால் நிலையத்திலும் வங்கியிலும் கைப்பேசியிலும் சேமிக்க முடியும்போது, சேமிப்புக்காகக் காப்பைச் சுருக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் போய்விட்டது. ஏற்கெனவே பாதித் தூரம் கட்டிவிட்ட பாலிசியை ஆத்திரத்தில் சரண்டர் செய்யவும் வேண்டாம். தவணையை நிறுத்தி 'பெய்டு-அப்' ஆக விட்டால் என்ன கிடைக்கும், சரண்டர் செய்தால் என்ன கிடைக்கும் என்று இரண்டையும் கிளையில் எழுதி வாங்கி, ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். எதைச் செய்வதானாலும் புதிய டெர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகே செய்ய வேண்டும்.

ஒரு குறையை இங்கே சொல்லியாக வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாத சிறுதொழில் செய்பவருக்கு 80 லட்சம் டெர்ம் பாலிசி எளிதில் கிடைக்காது. வருமானத்துக்குச் சான்று கேட்கிறார்கள். படிப்பையும் தொழிலையும் பார்க்கிறார்கள். காப்பு மிகவும் தேவைப்படும் ஆட்டோ ஓட்டுநரும் கொத்தனாரும் இந்த வாசலில் நின்றுவிடுகிறார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்துவைப்பது இதற்கு ஒரு வழி. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமும் நிறுவனங்களும் இந்த வாசலை அகலப்படுத்தாதவரை அது அரைகுறைத் தீர்வுதான்.

சம்பளம் வாங்காதவரின் மதிப்பு

இதுவரை போட்ட கணக்கில் மனைவி வெறும் நம்பியிருப்பவராகவே வருகிறார். அவர் இறந்தால்? ஜாம்ஷெட்பூரில் 1989 மார்ச் 3 அன்று நிறுவனர் நாள் விழாவில் நடந்த தீ விபத்து தொடர்பான வழக்கில், 2001-இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்பை மாதம் 3,000 ரூபாயாக மதிப்பிட்டது. 2021-இல் கீர்த்தி வழக்கில் நீதிபதி என்.வி. ரமணா, வீட்டுவேலைக்கு வருமான மதிப்பு நிர்ணயிப்பது அந்த உழைப்பை அங்கீகரிப்பதாகும் என்ற கருத்தை விரிவாக எழுதினார். 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு அதில் எடுத்துக்காட்டப்பட்டது: சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள்.

குடும்பக் கணக்கில் இதன் பொருள் மிகத் தெளிவு. சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, மாமியாரைப் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றுக்கும் ஆள் வைத்தால் நகரத்தில் மாதம் என்ன ஆகும் என்று விசாரித்துப் பாருங்கள். பட்டறைக் கணக்கையும் அவரே பார்க்கிறார் என்றால் அதற்கும் ஒரு சம்பளம் சேர்க்க வேண்டும். நம் வீடுகளில் மனைவி பெயரில் பாலிசி எடுப்பது பெரும்பாலும் சேமிப்புக்காகவே நடக்கிறது. வீட்டை நடத்துபவர் என்ற முறையில் அவருக்கும் காப்பு எடுக்க வேண்டும்.

உயிர் போகாத இழப்புகள்

லேத்தில் கை போனால் டெர்ம் பாலிசி ஒன்றும் தராது. ஊனத்தில் வருமானம் நிற்கிறது, செலவு கூடுகிறது, சாப்பிடும் வாய் குறைவதில்லை. ஆகவே நிரந்தர ஊனத்துக்கும் பணம் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் தரும் பிரதமரின் சுரக்ஷா திட்டம் தொடக்கம் மட்டுமே. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு, இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனத்தில் வேலை என்றால் அந்தப் பாதுகாப்பு உண்டு. நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இ.எஸ்.ஐ. வராது, அங்கே முதலாளியும் தொழிலாளியும் ஒன்றுபோலப் பாதுகாப்பற்றவர்கள்.

மருத்துவக் காப்பீட்டில் தொகையைவிட நிபந்தனைகள்தான் குடும்பத்தைக் கவிழ்க்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை தருகிறது. அதைத் தாண்டியவர்கள் தாங்களே வாங்க வேண்டும். ஐந்து லட்சம் பாலிசி ஒன்றில் அறை வாடகை உச்சவரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 என்று இருக்கிறது. நோயாளி 10,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் இருந்தார். மொத்த பில் நான்கு லட்சம்: அறைக்கு 50,000, அறுவை சிகிச்சை, டாக்டர் கட்டணம் முதலியவை இரண்டு லட்சம், மருந்தும் பரிசோதனைகளும் ஒன்றரை லட்சம். வரம்பைப் போல் இரு மடங்கு வாடகை என்பதால் அறை வாடகை பாதியாகும். அதோடு டாக்டர் கட்டணமும் அறுவைக் கட்டணமும்கூடப் பாதியாகும். மருந்து, பரிசோதனைச் செலவில் இப்படிக் கழிக்கக்கூடாது என்று 2020-இல் ஒழுங்காற்று ஆணையம் தடுத்தது. நிறுவனம் தருவது 2,75,000. வீடு கட்டுவது 1,25,000. ஐந்து லட்சம் பாலிசி இருந்தும், நான்கு லட்சம் பில்லுக்கு இந்த நிலை.

ஆகவே அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியைத் தேட வேண்டும். தொகையை உயர்த்த, அடிப்படைப் பாலிசி ஐந்து அல்லது பத்து லட்சத்துக்கும், அதன்மேல் 'சூப்பர் டாப்-அப்' இருபது லட்சத்துக்கும் எடுப்பது செலவு குறைந்த வழி. முதல் ஐந்து அல்லது பத்து லட்சத்தை அடிப்படைப் பாலிசி ஏற்பதால் டாப்-அப்பின் பிரீமியம் குறைவாக இருக்கும். பெற்றோரைத் தனிப் பாலிசியில் வைப்பது நல்லது. ஒரே பாலிசியில் சேர்த்தால் மூத்தவரின் வயதை வைத்துத்தான் எல்லோருக்கும் பிரீமியம் கணக்கிடுவார்கள். கம்பெனி தரும் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பியிருப்பவருக்கு, வேலை போகும் நாளில் அதுவும் போய்விடும்.

உண்மையும் உரிமையும்

விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைப்பது இங்கே சகஜமாகிவிட்டது. "அதெல்லாம் எழுத வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் ஏஜென்டுகள் உண்டு. 2019-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், படிவத்தை ஏஜென்ட் நிரப்பியிருந்தாலும் கையெழுத்திட்டவரே அதற்குப் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 2015-இல் திருத்தப்பட்டு, ஆயுள் பாலிசி மூன்று ஆண்டைத் தாண்டிவிட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லியும் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்றாகிவிட்டது உண்மை. ஆனால் அந்த மூன்று ஆண்டுக்குள் மரணம் வராது என்று யார் உறுதி தர முடியும்? உண்மையைச் சொன்னால் பிரீமியம் சற்றுக் கூடும். மறைத்தால் மொத்தமும் போகலாம்.

பணம் யாருக்குப் போகிறது என்பதிலும் தெளிவு வேண்டும். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர் மட்டுமே என்று சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, ஆயுள் பாலிசியில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களே உரிமையுள்ளவர்கள். அண்ணனையோ மாமாவையோ நாமினியாக எழுதிய பழைய பாலிசிகளை எடுத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்து, பிறகு மாற்றாமல் விட்டவை நிறைய இருக்கும்.

கடனோடு தொழில் செய்பவருக்கு நாமினி மட்டும் போதாது. 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, கணவன் தன் உயிர்மீது மனைவி, பிள்ளைகள் நலனுக்கென்று எழுதி எடுக்கும் பாலிசியை அறக்கட்டளைச் சொத்தாக ஆக்குகிறது. கடன்காரர்களை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபிக்கப்பட்டால் ஒழிய, அந்தப் பணத்தில் அவர்கள் கைவைக்க முடியாது. முதலில் இது இந்துக்களுக்குப் பொருந்துமா என்பதே வழக்காக இருந்தது. பொருந்தும் என்று 1913-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. 1923-இல் சட்டம் திருத்தப்பட்டபோது இந்து, முஸ்லிம், சீக்கிய, சமணக் குடும்பங்களுக்கு இந்தப் பாதுகாப்பு மற்ற பகுதிகளில் 1923 ஏப்ரல் 1 முதல் என்றும், சென்னையில் மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கே உண்டு என்றும் எழுதப்பட்டது. ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாக நம் மாகாணத்துப் பெண்களுக்குக் கிடைத்த இந்த உரிமையைத் திருப்பூரிலும் கோவையிலும் கடன் வாங்கித் தொழில் நடத்துபவர்களில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? விண்ணப்பிக்கும்போதே அதற்கான இணைப்புப் படிவத்தைக் கேட்டு நிரப்ப வேண்டும். பாலிசி எடுத்த பிறகு சேர்க்க முடியாது. பயனாளியைப் பின்னாளில் கணவர் தன்னிச்சையாக மாற்றவும் முடியாது. மனைவிக்கு அதுவே பாதுகாப்பு.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் குடும்பம் அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால், 50 லட்சம் வரையிலான புகாரைச் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே வரம்பைத் தீர்மானிப்பது கட்டிய பிரீமியம்தான், கேட்கும் தொகை அல்ல. இந்த வழிகளைப் பயன்படுத்த வேண்டியவர் பாலிசி எடுத்தவர் அல்ல, அவர் விட்டுச் சென்றவர். எனவே வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாலிசி எண்கள், நாமினி பெயர், வைப்பு நிதிக் கணக்கு எண், யாருக்கு எவ்வளவு கடன் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, இந்த வாரமே உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்து, அவர் கேட்கும் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.